ஸ்கோர்புக்கில் ஏறாத ஆட்டத்துக்கு விருது கொடுப்பது எப்படி? (ஹைஸ்கூல் சாப்ட்பால்)

சுதா_கொலம்பஸ்

எல்லாருக்கும் வணக்கம். பேஸ்பால், சாப்ட்பால் (பெரிய பந்தைக் கீழிருந்து வீசி ஆடுற பேஸ்பால் மாதிரி ஆட்டம்) ஆடுற பிள்ளைகளோட அப்பா அம்மா இங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு தெரியும், அதான் கேக்கிறேன்.

பொண்ணு ஹைஸ்கூல் வார்சிட்டி (ஸ்கூலோட முதல் டீம்) சாப்ட்பால் டீம்ல செகண்ட் பேஸ். நான் பூஸ்டர் கிளப்ல (டீமுக்கு உதவுற பேரண்ட்ஸ் குழு) இருக்கேன். பெருசா ஒண்ணும் இல்ல, மேட்ச் அன்னிக்கு ஸ்டாண்டுல நின்னு ஹாட் டாகும் நாச்சோவும் விக்கிறது, ஏப்ரல் குளிர்ல கை விறைக்க ஹாட் சாக்லேட் ஊத்திக் கொடுக்கிறது, சீசன் முடிஞ்சா பேன்க்வெட்டுக்கு (விருது கொடுக்கிற விருந்து) ஹால் பிடிக்கிறது. இந்த வருஷம் கோச் புதுசா ஒரு வேலையைத் தலையில கட்டிட்டாங்க. எம்விபி, பெஸ்ட் பேட்டர், மோஸ்ட் இம்ப்ரூவ்டுன்னு வழக்கமா கொடுக்கிறதோட "மெண்டல் கேம்"னு ஒரு விருதும் சேர்க்கப் போறாங்களாம். யாருக்கு, எதை வெச்சுக் கொடுக்கலாம்னு பேரண்ட்ஸ் சைடுல யோசிச்சு எழுதிக் கொடுங்கன்னாங்க.

மீட்டிங்ல வந்த யோசனை எல்லாம் இப்படி: எப்பவும் சிரிச்ச முகம், அழாத பொண்ணு, நல்ல ஆட்டிட்யூட். எனக்கு உறுத்துது. எங்க டீம்ல தேர்ட் பேஸ் ஆடுற பொண்ணுக்கு எரர் பண்ணினா கண்ணுல தண்ணி வந்துரும். கிளவுஸால முகத்தை மறைச்சுக்குவா. அதே பொண்ணு அடுத்த பந்துல பண்ட் (பேட்டால லேசாத் தட்டி விடுற பந்து) வந்தா முன்னாடி பாய்ஞ்சு எடுத்து அவுட் பண்றா. இன்னொரு பொண்ணு எது நடந்தாலும் சிரிச்சுக்கிட்டே இருப்பா, ஆனா எத்தனை அவுட்னு பக்கத்துல கேட்டுக்கிட்டே நிப்பா. மீட்டிங்ல சொன்ன அளவுகோல் படி விருது ரெண்டாவது பொண்ணுக்குத்தான் போகும்.

என் பொண்ணு விஷயமும் ஒண்ணு இருக்கு, மறைக்கல. போன வாரம் ஆறாவது இன்னிங்ஸ், ஒரு ரன் பின்னாடி இருக்கோம். இவ ரெண்டு ஸ்டிரைக் வாங்கிட்டு (மூணாவது விழுந்தா அவுட்), ஃபவுல், பால், ஃபவுல், ஃபவுல்னு பதினோரு பந்து நின்னா. கடைசில கிரவுண்டர், அவுட். புக்ல 4-3 (செகண்ட் பேஸ் எடுத்து ஃபர்ஸ்டுக்கு எறிஞ்ச அவுட்), அவ்வளவுதான். அடுத்து வந்த பொண்ணு முதல் பந்தையே லெஃப்ட் சென்டர்ல டபுள் (ரெண்டு பேஸ் ஓடுற ஹிட்) அடிச்சா. கைதட்டல் எல்லாம் அவளுக்கு. அடிச்சது அவதானே, தப்பில்ல. ஆனா அந்த பிட்சரோட நாக்கு தள்ள வெச்சது யாரு?

இன்னொரு கேள்வி. ஓஹையோ ஸ்டேட் ஃபுட்பால் டீம் 1968லேர்ந்து நல்லா ஆடினவங்க ஹெல்மெட்ல பக்ஐ (Buckeye) மர இலை ஸ்டிக்கர் ஒட்டுதே, அது மாதிரி நாங்களும் ஒவ்வொரு நல்ல விஷயத்துக்கும் ஸ்டிக்கர் கொடுக்கலாமான்னு ஒருத்தர் கேட்டார். பண்ணலாமா?

---

ஸ்கோர்புக்_மாமா

சுதாம்மா, நல்ல கேள்வி கேக்குதீங்க. எனக்கு ரெண்டு பொண்ணு, ரெண்டு பேரும் சாப்ட்பால் ஆடி முடிச்சு காலேஜ் போயாச்சு. ஆனாலும் அந்த ஸ்கூலுக்கு இன்னிக்கும் ஸ்கோர்புக் எழுதுதேன், வீட்டுல திட்டு வாங்கிக்கிட்டே. பாளையங்கோட்டையில கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதின கை, சும்மா இருக்க மாட்டேங்கு.

முதல்ல "ஆட்டிட்யூட்"ங்கிற வார்த்தையை அந்தக் காகிதத்துலேர்ந்து அடிச்சிருங்க. ரெண்டு பேர் தனித்தனியா பாத்து ஒரே மாதிரி குறிச்சு வைக்க முடியுற காரியமா இருந்தாத்தான் விருது கொடுக்க முடியும். ஆட்டிட்யூட்னு சொன்னா ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க, கடைசில நல்லாப் பேசுற பிள்ளைக்குப் போயிரும்.

எதைப் பாக்கணும்? பந்து பந்துக்கு நடுவுல உள்ள நேரத்தை. சாப்ட்பால்ல பிட்சர் நிக்கிறது 43 அடியில. 60 மைல் வேகத்துல வந்தா அரை வினாடிக்குள்ள பந்து பிளேட்டுக்கு வந்திரும். அந்த அரை வினாடியில யாரும் யோசிக்க முடியாது, கை தானா போவும். ஒரு மேட்ச் ரெண்டு மணி நேரம் ஓடுது, பந்து நிஜமா நகர்றது அதுல கொஞ்ச நிமிஷம்தான். மிச்சம் பூரா இடைவெளி. மனசு வேலை செய்யுறது அந்த இடைவெளியிலதான், அதுவும் டக்அவுட் (டீம் உக்கார்ற இடம்) பூரா பாட்டுப் பாடி, வாளியைத் தட்டிக் கத்துறப்ப. பேஸ்பால் பசங்க டக்அவுட்டு இதுக்கு முன்னால கோயில் மாதிரி அமைதி.

அம்பயர் கணுக்கால் உயரத்துல வந்த பந்தை ஸ்டிரைக்னு சொல்லுதாருன்னு வைங்க. பேட்டர் என்ன செய்யுதா? சில பிள்ளைங்க அம்பயரைத் திரும்பிப் பாப்பாங்க, கோச்சைப் பாப்பாங்க, அப்பாவைப் பாப்பாங்க. அதுக்குள்ள அடுத்த பந்து வந்திரும். சில பிள்ளைங்க ஒரு காலை பாக்ஸுக்கு (பேட்டர் நிக்கிற கட்டம்) வெளிய வெச்சு, பேட்டுல எழுதியிருக்கிறதை ஒரு நொடி பாத்து, மூச்சு விட்டுட்டு உள்ள வருவாங்க. இதைப் பழக்கித்தான் கொண்டு வர முடியும். கென் ரவீசான்னு ஒருத்தர், கலிபோர்னியாவுல ஃபுல்லர்டன் யுனிவர்சிட்டியில இதையே பாடமாச் சொல்லிக் கொடுத்தவர். டாம்பா பே டீம்ல ஆடின எவன் லாங்கோரியா பதற்றம் வந்தா லெஃப்ட் ஃபீல்டு ஃபவுல் கம்பத்தோட உச்சியைப் பாப்பார், அது ரவீசா கொடுத்த பழக்கம். ஃபுல்லர்டன் பசங்க அதுக்கும் ஒரு படி மேல. டக்அவுட்ல ஒரு பொம்மை டாய்லெட்டையே வெச்சிருந்தாங்க. சொதப்பினவன் வந்து அதோட பிடியை அழுத்தி ஃபிளஷ் பண்ணிட்டு உக்காரணும். 2004ல 15 ஜெயிச்சு 16 தோத்து நின்ன டீம் அது, அந்த வருஷமே காலேஜ் வேர்ல்டு சீரிஸ் ஜெயிச்சிட்டு. டாய்லெட்டாலதான் ஜெயிச்சாங்கன்னு நான் சொல்லல. ஆனா 2016ல சிகாகோ கப்ஸ் 108 வருஷம் கழிச்சு ஜெயிச்சப்பவும் அந்த மனுஷன் அவங்களோட இருந்தார்.

உங்க தேர்ட் பேஸ் பொண்ணுக்கு வாங்க. அழுதா அழட்டும். கண்ணீர் வாரதும் வராததும் பிள்ளை கையில இல்ல. அடுத்த பந்துக்கு முன்னாடி முழங்கால் மடங்கி, கிளவுஸ் கீழ இறங்குச்சா, அம்புட்டுதான் பாக்கணும். அந்தப் பிள்ளை பாய்ஞ்சு பண்டை எடுத்தான்னு நீங்களே சொல்லுதீங்க. என் புக்கா இருந்தா அந்த இடத்துல ஓரமா ஒரு புள்ளி இருக்கும்.

ஆமா, புள்ளிதான். என் பழக்கத்தைச் சொல்லுதேன். புக்கோட வலது ஓரத்துல வெத்து இடம் இருக்கும். அதுல இன்னிங்ஸ் நம்பர், பொசிஷன் நம்பர், ரெண்டு மூணு வார்த்தை. "4, 9, ஃபர்ஸ்டுக்குப் பின்னால ஓடினா." இந்த 9 யாருன்னா ரைட் ஃபீல்டர். இன்ஃபீல்டுல கிரவுண்டர் விழுந்த ஒவ்வொரு தடவையும் ஃபர்ஸ்ட் பேஸுக்குப் பின்னால ஓடணும், த்ரோ தப்பிப் போனா பிடிக்க. பத்து தடவை ஓடினா ஒரு தடவைதான் பந்து தப்பும். மத்த ஒம்பது ஓட்டத்தை யாரும் பாக்க மாட்டாங்க, அவ அம்மாவே பாக்க மாட்டாங்க. தேர்டுல ஆள் நிக்கையில மண்ணுல குத்தி வாற பந்தை நெஞ்சால தடுக்கிற கேட்சர் இன்னொரு ஆள். தடுத்தா புக்ல ஒண்ணும் ஏறாது. விட்டாத்தான் ஏறும்.

உங்க பொண்ணோட பதினோரு பந்துக்குப் பேர் இருக்கு. குவாலிட்டி அட்-பேட்டுன்னு கோச்சுங்க தனியா எண்ணுவாங்க. ரெண்டு ஸ்டிரைக்குக்கு அப்புறம் தாக்குப் பிடிக்கிறது, ஆறு பந்துக்கு மேல நிக்கிறது, வாக் (நாலு பால் விழுந்து சும்மா ஃபர்ஸ்டுக்குப் போறது) வாங்குறது, அவுட் ஆனாலும் பலமா அடிக்கிறது, ரன்னரை நகத்துற பண்ட், இதெல்லாம் சேரும். கணக்கு டீமுக்கு டீம் கொஞ்சம் மாறும். கேம்சேஞ்சர் ஆப்புல ஸ்கோர் போட்டீங்கன்னா அதுவே எண்ணிக் கொடுக்கும். டெஸ்ட் மேட்ச்ல சாயங்காலம் நைட் வாட்ச்மேனா வந்து அரை மணி நேரம் நிக்கானே, அவன் மாதிரி ஆட்டம் அது. ஆனா இந்த நம்பர் ஒண்ணை மட்டும் வெச்சு விருது கொடுத்திராதீங்க. அது பேட்டிங்கோட முடிஞ்சு போவும். ஃபீல்டிங்கும் பெஞ்சும் கணக்குல வராது.

ஸ்டிக்கர் வேண்டாம்னு சொல்லல. ஹெல்மெட்ல ஒட்டுறதுக்கு முன்னால அந்தக் கம்பெனி என்ன விதி போட்டிருக்குன்னு பாருங்க, சிலது ஒட்டக் கூடாதும்பாங்க. பேட் பையில ஒட்டினா வம்பில்ல. ஆனா எண்ணிக்கை வந்தாலே போட்டி வந்திரும், யார் பையில எத்தனைன்னு. எனக்குப் பிடிக்கல.

---

டெக்சாஸ்_அப்பா

என் மகன் பேஸ்பால், ஷார்ட்ஸ்டாப். மாமா சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியில் எனக்குச் சண்டை உண்டு.

இதற்கு விருது வைத்தால் பிள்ளைகள் அதை நடிப்பார்கள். எங்கள் டீமில் ஒரு வருடம் "ரீசெட் ரொட்டீன்" என்று சொல்லிக்கொடுத்தார்கள். அப்புறம் பார்த்தால் எரர் பண்ணிய ஒவ்வொரு பையனும் கிளவுஸின் வாரைப் பிடித்து இழுத்து, மண்ணை அள்ளி வீசி, தொப்பியைக் கழற்றி மாட்டுகிறான். கோச் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. காலேஜ் கோச்சுகள் வந்து உட்கார்ந்து உடல்மொழியையும் பார்ப்பார்கள் என்பது பையன்களுக்கு நன்றாகத் தெரியும். மூச்சு விடுவதைக்கூட ரெஸ்யூமே ஆக்கிவிட்டோம்.

2010 ஜூன் 2. டெட்ராய்ட் பிட்சர் அர்மாண்டோ கலராகா, உங்கள் மாநிலத்து கிளீவ்லேண்டுக்கு எதிராக வரிசையாக 26 பேரை அவுட் ஆக்கிவிட்டார். 27வது ஆளும் அவுட்தான், ரீப்ளேயில் ஊரே பார்த்தது. முதல் பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் சேஃப் என்றார். பெர்ஃபெக்ட் கேம் (எதிரணியில் ஒருவர்கூட பேஸுக்கு வராத ஆட்டம்) போயிற்று. கலராகா சிரித்தார், மவுண்டுக்குத் திரும்பினார், அடுத்த ஆளை அவுட் ஆக்கி ஆட்டத்தை முடித்தார். மறுநாள் லைன்அப் கார்டை (ஆட்டக்காரர் பட்டியல்) ஜாய்ஸ் கையில் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர்தான். ஷெவர்லே ஒரு கார்வெட் கொடுத்தது, அது பிறகு நடந்த கதை. சிரித்தால் கார் கிடைக்கும் என்று தெரிந்து அவர் சிரிக்கவில்லை. பதிவேட்டில் இன்றைக்கும் அது ஒரு ஹிட் கொடுத்த ஆட்டம்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று. "மன உறுதி" என்று பெயர் வைத்தால் வலியை மறைக்கிற பிள்ளைக்குக் கை தட்டுவோம். பேஸ்பாலில் 2017 முதல் ஒவ்வொரு மாநிலமும் ஹைஸ்கூல் பிட்சருக்குப் பந்து எண்ணிக்கையில் வரம்பு வைத்தே ஆக வேண்டும். சாப்ட்பாலுக்கு அப்படித் தேசிய விதி கிடையாது. கீழிருந்து வீசுவதால் தோளுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை. ஒரே பெண் வாரம் முழுக்க எல்லா ஆட்டமும் வீசுவதை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு பேன்க்வெட்டில் "டஃப்னஸ்" விருது கொடுத்தால், கீழே உட்கார்ந்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண் என்ன கற்றுக்கொள்வாள்? "கோச், தோள் வலிக்கிறது" என்று நாலாவது இன்னிங்ஸில் வாய்விட்டுச் சொல்கிற பெண்ணுக்கும் உங்கள் தாளில் இடம் உண்டா? இல்லையென்றால் அந்த விருதே வேண்டாம்.

---

ஸ்கோர்புக்_மாமா

தோள் வலி சங்கதி நியாயம். அதைக் காகிதத்துல முதல் வரியாவே போடுங்க சுதாம்மா.

நடிப்பாங்கங்கிறதுல எனக்கு அவ்வளவு பயமில்ல. மூச்சு விட்டா மார்க்குன்னு சொன்னாத்தான் நடிப்பாங்க. நான் மூச்சைக் குறிக்கிறதே இல்ல. அடுத்த பந்துக்கு என்ன செஞ்சான்னு குறிக்கிறேன். ரைட் ஃபீல்டுலேர்ந்து ஃபர்ஸ்டுக்குப் பின்னால நடிச்சுக்கிட்டு ஓடினாலும் ஓடினதுதானே. நடிக்கட்டுமே, பந்து தப்பினா பிடிக்க ஆள் இருக்கும்.

---

பழைய_பிட்சர்

வணக்கம். நான் இப்ப காலேஜ் செகண்ட் இயர், நியூ ஜெர்சில ஹைஸ்கூல் பிட்ச் பண்ணேன். என் தமிழ் சண்டே தமிழ் ஸ்கூல் தமிழ், தப்பு இருந்தா மன்னிக்கவும். அம்மா இந்த லிங்க் அனுப்பினாங்க.

பெரியவங்க எல்லாரும் யார் கொடுக்கணும், எப்படி அளக்கணும்னு பேசறீங்க. வாங்கற சைடுலேர்ந்து சொல்றேன். பேன்க்வெட்ல கொடுக்கற பிளேக் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல. அட்டிக்ல இருக்கலாம். ஆனா கேம் பால் (மேட்ச் முடிஞ்சதும் ஒருத்தருக்குக் கொடுக்கற பந்து) ஞாபகம் இருக்கு.

எங்க டீம்ல ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சதும், தோத்தாலும், லெஃப்ட் ஃபீல்டுல வட்டமா நிப்போம். போன மேட்ச்ல கேம் பால் வாங்கின பொண்ணுதான் இந்த மேட்ச்ல கொடுக்கணும். கோச் வாய திறக்கக் கூடாது. ரூல் ஒண்ணுதான்: எந்த இன்னிங்ஸ், என்ன நடந்துச்சுன்னு சொல்லணும். "நீ ரொம்ப நல்ல டீம்மேட்"னு சொன்னா எல்லாரும் சேர்ந்து கத்துவோம், திரும்ப முதல்லேர்ந்து சொல்லணும். முதல் சில மேட்ச் பெஸ்ட் ஃப்ரெண்டுக்குத்தான் கொடுத்தாங்க, அது உண்மை. அப்புறம் இன்னிங்ஸ் சொல்லணும்ங்கறதால எல்லாரும் மேட்சைப் பாக்க ஆரம்பிச்சாங்க. பெஞ்ச்ல ஃபோன் இல்ல, ஸீட்ஸ் (சூரியகாந்தி விதை) துப்பற போட்டி இல்ல. ஓகே, ஸீட்ஸ் துப்பற போட்டி இருந்துச்சு.

ஒரு தடவை அந்த பால் ஆடவே ஆடாத பொண்ணுக்குப் போச்சு. அவ பெஞ்ச்ல உக்காந்து பிட்ச் சார்ட் (ஒவ்வொரு பந்தும் என்ன பந்துன்னு குறிக்கற தாள்) எழுதுவா. மூணாவது இன்னிங்ஸ்ல வந்து, "அந்த பிட்சர் சேஞ்ச்அப் போடறதுக்கு முன்னாடி கிளவுஸ் கொஞ்சம் அகலமா விரியுது, மத்த பந்துக்கு விரியல"ன்னா. நாங்க நம்பல. பாத்தோம். நிஜம்தான். சேஞ்ச்அப் மெதுவா வரும், ஃபாஸ்ட்பால்னு நினைச்சு சுத்தினா மிஸ் ஆகும், ஆனா முன்னாடியே தெரிஞ்சா வெயிட் பண்ணி அடிக்கலாம். அஞ்சாவது இன்னிங்ஸ்ல அஞ்சு ரன் வந்துச்சு. ஆன்லைன் பாக்ஸ் ஸ்கோர்ல அவ பேர் எங்கயும் இல்ல. அந்த மேட்ச்சோட ஸ்டாண்ட்அவுட் பெர்ஃபார்மன்ஸ் யாருதுன்னு என்ன கேட்டா, அவளோடதுதான்.

டெக்சாஸ் அங்கிள் சொன்ன பிட்சர் நான்தான். நான் இல்ல, ஆனா நான் மாதிரி. எங்க கேட்சர் என் முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சுருவா. டைம் கேட்டு என்கிட்ட வந்து ஏதாவது சம்பந்தமே இல்லாம பேசுவா, ப்ராம் (ஸ்கூல் டான்ஸ் பார்ட்டி) டிரெஸ் என்ன கலர்னு. சிரிச்சுட்டு அடுத்த பந்து போடுவேன். அந்த மாதிரி வந்தப்பதான் ஒரு நாள் "உன் ஆர்ம் கீழ போகுது, நீ சொல்றியா நான் சொல்லவா"ன்னா. அவளே போய் கோச்கிட்ட சொல்லிட்டா. எனக்குச் செம கோவம். அடுத்த மேட்ச் கேம் பால் என் கைல இருந்துச்சு, அவளுக்குத்தான் கொடுத்தேன்.

---

டெக்சாஸ்_அப்பா

இது நன்றாக இருக்கிறது. பிள்ளைகள் கொடுப்பதென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கோச் வாயைத் திறக்கக் கூடாது என்ற விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெற்றோருக்கும் அதே விதி.

---

சுதா_கொலம்பஸ்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பழைய_பிட்சர், உன் தமிழுக்கு ஒரு குறையும் இல்லமா.

இன்னிக்கு கோச்கிட்ட பேசினேன். கேம் பால் அவங்களுக்குப் பிடிச்சிருச்சு, வர்ற வெள்ளிக்கிழமை மேட்ச்லேர்ந்து ஆரம்பிக்கிறாங்க. பேன்க்வெட் விருது பேரையும் மாத்தச் சொன்னேன். "மெண்டல் கேம்" வேண்டாம், "அடுத்த பந்து" விருதுன்னு வெச்சுக்கலாம்னு. சீசன் பூரா கேம் பால் கொடுக்கறப்ப பொண்ணுங்க சொன்ன வரிகளை ஒருத்தர் எழுதி வைக்கணும், பேன்க்வெட் அன்னிக்கு எல்லார் பேர்லயும் வந்ததைப் படிச்சுட்டு, கடைசியா பொண்ணுங்களே ஓட்டுப் போடட்டும்னு முடிவு. வலியைச் சொன்னதும், பக்கத்துல உள்ளவ வலியைக் கண்டுபிடிச்சதும் அதுல சேரும்னு முதல் வரிலயே போட்டாச்சு. ஸ்டிக்கர் இல்ல.

எழுதி வைக்கிற அந்த ஒருத்தர் நான்தானாம்! ஹாட் சாக்லேட்டுக்கு வேற ஆள் போட்டுட்டாங்க. மாமா, எனக்கு ஸ்கோர்புக் எழுதத் தெரியாது. 4-3, 6-3 புரியும், திருப்பிப் போட்ட கே (பேட் சுத்தாம நின்னு ஸ்டிரைக்அவுட் ஆனது) எதுக்குன்னு நேத்துதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஓரத்துல புள்ளி வைக்கிறதை எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?

---

ஸ்கோர்புக்_மாமா

முழு புக்கையும் நீங்க எழுத வேண்டாம், அதுக்கு ஆள் இருப்பாங்க. தனியா ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக்கிடுங்க. பேனா வேண்டாம், பென்சில். அந்தக் குளிர்ல பேனா எழுதாது, மழை பெஞ்சா மை கரைஞ்சிரும்.

முதல் மேட்ச்ல எல்லாத்தையும் பாக்கப் போவாதீங்க, தலை சுத்தும். ரெண்டே இடம். எரர் விழுந்ததும் பந்தைப் பாக்காதீங்க, எரர் பண்ணின பிள்ளையை அடுத்த பந்து முடியுற வரைக்கும் பாருங்க. கிரவுண்டர் வந்தா ஃபர்ஸ்ட் பேஸைப் பாக்காம அதுக்குப் பின்னால பாருங்க, 9 வந்தாளான்னு. இது பழகினதும் கேட்சரைச் சேத்துக்கிடலாம்.

கூட்டத்துக்குள்ள உக்காராதீங்க. எல்லாரும் பந்தைப் பாத்துக் கத்துவாங்க, நம்ம கண்ணும் அங்கேயே போயிரும். ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் வேலியோரமா மடக்கு நாற்காலி போட்டுக்கிடுங்க. உங்க பொண்ணு செகண்ட் பேஸ்தானே, அவ மேட்டரை எழுத வேற யார்கிட்டயாவது சொல்லிருங்க. பெத்தவ கையால எழுதினா மத்த அம்மாமாரு விடமாட்டாங்க.